மகள் வயிற்றுக்கு இதமான இரும்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வீட்டுச் சுவரைத் தின்றது எலி என்று நம்பி, மூன்று வாரம் பொறி வைத்த மடையன் நான்.

அடுப்படிக்குப் போகிற வழியில், சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து பெயர்ந்து ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. குழி இருந்தது என் இடுப்பு உயரத்தில். எலி இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டு சுவர் தின்னுமா என்று வேறொருவன் யோசித்திருப்பான். கண்டிக் குளிருக்கு எலிகள் பின்னங்காலில் நிற்கப் பழகியிருக்கும் என்று நான் யோசித்தேன். சுட்ட தேங்காய்ச் சில்லைப் பொறியில் வைத்தேன்; எலி வரவில்லை. கருவாட்டுத் தலையை வைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்து, பொறியைச் சீண்டாமல் தலையை மட்டும் லாவகமாக எடுத்துக்கொண்டு போனது. மூன்றாம் வாரம் பொறியில் ஒன்று மாட்டியது. அது என் வலதுகால் பெருவிரல்.

"எலிக்கு வச்சதுல நீங்க மாட்டிக்கிட்டீங்களே, எலி யாருகிட்டப் போயிச் சொல்லிச் சிரிக்கும்?" என்றாள் மனைவி, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே.

விரல் வீங்கியதால் வேலைக்குப் போகவில்லை. வழக்கமாக நான் வீட்டில் இல்லாத பகல் வேளை அது. தண்ணீர் குடிக்க நொண்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன். பதினைந்து வயது மகள் குழியின் முன்னால் நின்று, கட்டைவிரல் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டி, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள பண்ற?"

"ஒண்ணுமில்லப்பா." வாயோரம் வெள்ளையாக இருந்தது.

"சொவத்தையா தின்ற?"

"கொஞ்சமாத்தான்."

"எத்தன நாளா?"

"நீங்க பொறி வைக்கிறதுக்கு முன்னாலேருந்தே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ரொம்ப மும்முரமா இருந்தீங்க."

என் மும்முரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது கண்டியைச் சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பி. தேயிலை என்ற பேச்சே எழாத காலம். வண்டி வண்டியாகத் தோட்டங்களிலிருந்து வரும் கோப்பியைக் காயவைத்து, புடைத்து, தரம் பிரித்துக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு ஸ்டோரில் நான் தரம் பார்க்கிறவனாக இருந்தேன். ஒரு கொட்டையைக் கடித்தால் போதும், இது புசல்லாவை மலையில் விளைந்ததா, நாவலப்பிட்டிப் பக்கத்துப் பள்ளத்தில் விளைந்ததா என்று சொல்லிவிடுவேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியாது.

வாவியோரத்து வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்திரண்டு மண்படி. ஒரு வருஷத்துக்கு முன் மகள் சந்தைக் கூடையோடு அதை ஒரே மூச்சில் ஏறுவாள். பிறகு நடுவில் மூன்று இடத்தில் உட்காரத் தொடங்கினாள். கேட்டால், "வாவியப் பாக்குறேன்" என்பாள். என் மகளுக்கு இயற்கை அழகில் நாட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "எங்க பொண்ணு நாளுக்கு நாள் செவப்பாயிக்கிட்டு வருது" என்று ஸ்டோரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

மனைவியின் வற்புறுத்தலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரி யாழ்ப்பாணத்துக்காரர். மகளின் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். என்னையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார்.

"இஞ்ச பாரும். எப்பிடி வெளிறிக் கிடக்குது. பிள்ளையிலை இரத்தமில்லை."

"இருக்குங்கையா. போன வாரம் கத்தி வெட்டினப்ப வந்துச்சே."

"அது இரத்தமில்லை, கஞ்சித்தண்ணி. பிள்ளைக்கு இரும்பு வேணும். அதுதான் சுவரைத் தின்னுது. உடம்பு ஏதோ கேக்குது, என்ன கேக்குதெண்டு பிள்ளைக்குத் தெரியேல்லை. தேப்பனுக்கும் தெரியேல்லை."

ஒரு சின்னப் போத்தலில் சொட்டு மருந்து கொடுத்தார். தண்ணீரில் பத்துச் சொட்டு. பப்பாசி இலையின் குழல் தண்டை வாயில் வைத்து உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பல்லில் பட்டால் கறுத்துவிடும். பிறகு குரலைத் தாழ்த்தி, "மழை தொடங்க முந்தி இரத்தம் ஏறவேணும், விளங்குதே? மழையோட காய்ச்சல் வரும். இந்த இரத்தத்தோட காய்ச்சல் வந்தால்..." என்றார். போத்தலுக்குத் தக்கையை வைத்து அழுத்தினார்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குப் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன்.

சொட்டு மருந்தை மகள் மூன்று நாள் குடித்தாள், மூன்று நாளும் வாந்தி எடுத்தாள். "துருப்புடிச்ச பூட்டுத் தெறப்ப முழுங்கின மாதிரி இருக்குப்பா" என்றாள். நான்காம் நாள் வாயைத் திறக்கவே இல்லை. மறுபடி ஓடினேன். அப்போத்திக்கரி கோபிக்கவில்லை.

"எல்லா வயிறும் ஒண்டில்லைக் காணும். சிலதுக்கு இது கடுமை. இரும்பு எத்தினையோ விதமாக் கிடைக்குது. இதமானது ஒண்டாப் பாத்துக் குடும். வயித்திலை தங்கிற இரும்புதான் இரும்பு."

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. நான் யார்? ருசி பார்த்துத் தரம் பிரிக்கிறவன். எந்தக் கோப்பியையும் கடிக்காமல் கப்பலுக்கு அனுப்பியதில்லை. மகளின் வயிற்றுக்குள் போகிற இரும்பு முதலில் என் வயிற்றுக்குள் போய்த் தேறி வரட்டும்.

மனைவி சொன்னாள்: "ஒங்க வயிறு ஒரு வயிறா? கல்லப் போட்டாலும் அரைக்கும். அதுல போட்டுப் பாத்து என்னத்தத் தெரிஞ்சுக்கப் போறீங்க?"

இதைவிடத் தெளிவான கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொட்டு மருந்திலிருந்தே தொடங்கினேன். பப்பாசித் தண்டு வேண்டாம் என்று வைத்தேன். ருசி பார்க்கிறவன் தண்டு வைத்து உறிஞ்சினால் தொழிலுக்கே அவமானம் அல்லவா? வாய் நிறைய எடுத்து, நாக்கின் நுனியிலும் அடியிலும் உருட்டி, பல்லிடுக்கெல்லாம் கொப்பளித்து, கண்ணை மூடி விழுங்கினேன். கடுமைதான் என்று தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி இரண்டடி பின்னால் போனாள். முன்பல் எட்டும் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. ஸ்டோரில் கோப்பிக் கொட்டை பொறுக்கும் பெண்கள் அன்றைக்கு வேலையே செய்யவில்லை. "ஐயா, இன்னொருக்காச் சிரிங்க, தங்கச்சி பாக்கலயாம்" என்று ஒருத்தி கேட்டாள்.

கோப்பி வண்டிகளுக்கு இரும்புப் பட்டை போடுகிற கொல்லர் ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் பாதையில் இருந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மோரில் தோய்த்து அந்த மோரைக் குடித்தால் இரத்தம் ஊறும் என்று அவர் சத்தியம் செய்தார். உலையில் கிடந்த துண்டைக் குறட்டால் எடுத்து மோர்ச் சட்டியில் விட்டார். சட்டி சீறியது, மோர் திரிந்தது, நான் குடித்தேன். அன்று மாலை வரை என் வயிற்றுக்குள் ஒரு கோப்பி வண்டி, லாடம் தேய்ந்த மாட்டோடு, கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு வைன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்ட பங்களாவில் எனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய துரைசாணி இரும்புச் சத்துப் போட்ட வைனைத்தான் இரத்தத்துக்குக் குடிப்பாராம். துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன அரைப் போத்தலைச் சமையல்காரர் எனக்கு அனுப்பிவைத்தார். ஒரு கரண்டி குடித்தேன். இதமாக இருந்தது. ஒரு மிடறில் தரம் சொல்லக்கூடாது என்பது தொழில் விதி. இரண்டாவது கரண்டி குடித்தேன். முதலாவதோடு ஒப்பிட மூன்றாவது வேண்டியிருந்தது. பிறகு கரண்டி எங்கே போனது என்று தெரியவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, உலகத்திலேயே இதமான இரும்பைக் கண்டுபிடித்துவிட்ட செய்தியை முற்றத்துக் கோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து போத்தலைப் பிடுங்கினாள்.

"இரும்பு எளகியிருக்கா, நீங்க எளகியிருக்கீங்களா?"

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோழிக்குச் சொல்ல வேண்டியதில் பாதி மிச்சமிருந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகப் போனது கடைத்தெருவில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் மருந்துக் கடைக்கு. நானாவின் வீடு கட்டுகஸ்தோட்டையில். தினமும் விடிய மாட்டுவண்டியில் வந்து கடை திறப்பார். சுவர் நிறைய, இழுத்துத் திறக்கும் லாச்சிகள் வைத்த அலுமாரி. ஒரு லாச்சியிலிருந்து செங்கல் நிறத்தில் மெல்லிய பொடியை எடுத்துக் காட்டினார்.

"அயச் செந்தூரம். இரும்பத் திருப்பித் திருப்பிப் புடம் போட்டு, அதுட கோவத்தயெல்லாம் எடுத்தீக்கி. ஒரு அரிசி அளவு, தேன்ல கொழச்சி, சோறு திண்ட பொறகு குடுங்க. புளி ஆகாது. புள்ளட வவுறு ஒண்டும் சொல்லாது." என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க என்ன, வாயப் பொத்திட்டுப் பேசுறீங்க?"

"பல்லு, நானா."

"காட்டுங்க." காட்டினேன். "அல்லாவே" என்று லாச்சியை மூடினார்.

ஐந்து நாள் நான் தின்று பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை, ஏப்பம்கூட வரவில்லை. இரும்பு ஒன்று வயிற்றுக்குள் போய் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது அதுவே முதல் தடவை. ஆறாம் நாள் மகளுக்குக் கொடுத்தோம். வாந்தி இல்லை, வலி இல்லை. அடுத்த நாளும் இல்லை. மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். நான் எனக்கே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் எந்த மருந்தும் வெறுமனே உள்ளே போனதில்லை. விளக்கெண்ணெய் என்றால் கோப்பியில். சுக்கு என்றால் கோப்பியில். பல்வலிக்குக் கோப்பியால் கொப்பளிப்போம். ஊர் முழுக்க ஏலத்துக்கு நிற்கிற சரக்கு என் கைவசம் இருக்க, என் மகள் மருந்தை வெறும் தேனில் நக்குவதா? என் கையாலேயே வறுத்து, இடித்து, பெரிய கோப்பையில் கறுப்புக் கோப்பி போட்டு, செந்தூரத்தை அதில் கலந்து, காலையும் மாலையும் கொடுத்தேன். இதமான இரும்புக்கு மேலும் ஓர் இதம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுவாள். மருந்தின் மேல் இருக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நானும் செந்தூரத்தை நிறுத்தவில்லை. சோதிக்கிறவன் மகளோடு கடைசிவரை கூட வரவேண்டாமா? என் பங்கை மட்டும் தேனில்தான் குழைத்தேன். தரம் பார்க்கிறவன் கலப்படம் தின்னக்கூடாது.

ஐந்து வாரம் போனது. நான் அறுபத்திரண்டு படியையும் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். தேவையில்லாமலும் ஏறி இறங்கினேன். மகள் நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். சுவரில் வேப்பிலையை அரைத்துப் பூசினேன். மறுநாள் கிணற்றடிச் சுவரில் புதுக் குழி.

"ஏம்புள்ள?"

"அந்தச் சொவரு கசக்குதுப்பா."

ஹந்தானை மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியது. மற்ற ஆண்டுகளில், காயவைத்த கோப்பி நனைந்துவிடுமே என்றுதான் மழையைப் பார்த்துப் பயப்படுவேன். அந்த ஆண்டு தளத்தில் கோப்பி கிடந்ததே எனக்கு நினைவில்லை. மகள் நடக்கமாட்டாள் என்று வண்டி பிடித்து, மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அப்போத்திக்கரி மகளின் இமையை இழுத்தார். முன்பு பார்த்த அதே வெளுப்பு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என் பல்லைப் பார்த்தார். ஏதோ தோன்றியது போல எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் இமையையும் இழுத்தார்.

"இதென்ன, செம்பரத்தம்பூ மாதிரிக் கிடக்குது! உமக்கும் இரும்போ?"

"சோதிச்சுப் பாத்தேங்கையா."

"எவ்வளவு காலமா?"

"ஆறு வாரம்."

அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் வீட்டிலையும் இப்பிடித்தானோ?"

"வீட்டுல இதவிட, ஐயா."

"ஒரு வீடு, ஒரு மருந்து. தேப்பனுக்கு ஏறியிருக்குது, மகளுக்கு ஏறேல்லை." மேசையில் தாளம் போட்டார். "நீர் எதிலை சாப்பிடுறனீர்?"

"தேன்ல."

"பிள்ளைக்கு?"

"கோப்பியிலங்கையா," என்றேன் நிமிர்ந்து உட்கார்ந்து. "ஏ வன் சரக்கு. என் கையால வறுத்தது. ரெண்டு வேளையும்."

மேசையில் அவர் குடித்து மிச்சம் வைத்த கோப்பி பாதிக் கோப்பை இருந்தது. சொட்டு மருந்துப் போத்தலை எடுத்து, அதில் பத்துச் சொட்டு விட்டார். கோப்பி நிறம் மாறி, நீலம் பாய்ந்த கறுப்பானது. பேனாவை அதில் தோய்த்து, மருந்துச் சீட்டில் 'கோப்பி கூடாது' என்று எழுதி, ஊதிக் காயவைத்து என்னிடம் நீட்டினார். எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"மை," என்றார். "கோப்பி இரும்பைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், உடம்புக்கு விடாது. சொட்டு மருந்திலை கண்ணுக்குத் தெரியுது, செந்தூரத்திலை தெரியேல்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு மருந்தைக் குடுத்து, பிடுங்கிக்கொள்ள ஆளையும் கூட அனுப்பியிருக்கிறீர்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மடையனுக்கும் தொழில் அபிமானம் உண்டு. "ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. இந்தக் கண்டியே கோப்பியிலதான் நிக்குது."

"கண்டி நிக்கட்டும். பிள்ளை நிக்கேல்லையே."

வண்டியில் திரும்பும்போது மனைவி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் கிடந்த அந்தக் கையின் நகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன், உட்பக்கம் சுண்ணாம்பு.

அன்றைக்கே வீட்டிலிருந்த கோப்பி, வறுக்கும் சட்டி, எல்லாவற்றையும் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். செந்தூரம் தேனில், சோற்றுக்குப் பிறகு, நானா சொன்னபடி. கூடவே முருங்கைக்கீரை, புளி இல்லாமல். என் பங்குச் செந்தூரத்தை மனைவி பூட்டி வைத்தாள்.

மழை அந்த ஆண்டு பிந்தியது. எனக்குச் செய்த தனிப்பட்ட உபகாரமாக அதை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் ஹந்தானைப் பக்கம் பார்த்து நன்றி சொன்னேன். மூன்றாம் வாரம் மகள் கிணற்றடிச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியோடு போவதைக் கண்டேன். ஏழாம் வாரம் படியில் ஒரே ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். எட்டாம் வாரம் மழை வந்தது.

காய்ச்சல் எங்கள் வரிசையில் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. மகளுக்குத்தான். நான்கு நாள் உடம்பு கொதித்தது. நெற்றிக்கு ஈரத்துணி மாற்றுவது என் வேலை. இரண்டாம் நாள் மனைவி, "ஏதாச்சும் பேசுங்களேன், நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். முயன்று பார்த்தேன். வரவில்லை. அப்போத்திக்கரி மழையில் குடையோடு அறுபத்திரண்டு படி ஏறி வந்து, நாடி பார்த்து, "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை வேர்த்துக் காய்ச்சல் விட்டது. மகள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டாள். தொட்டுக்கொள்ளத் துவையல் இல்லையா என்று கோபித்தாள். மனைவி அழுதுகொண்டே தேங்காய் துருவினாள். மறுபடி வந்த அப்போத்திக்கரி இமையை இழுத்துப் பார்த்து, "தாங்கீட்டுது" என்றார். "அண்டைக்கு இருந்த இரத்தத்தோட வந்திருந்தால் தாங்கியிராது." பிறகு என் பக்கம் திரும்பி, "பயப்பிடாதையும். மருந்து முடிஞ்ச பிறகு, எப்பவாவது கொஞ்சக் கோப்பி குடிக்கலாம்" என்றார்.

மருந்து முடிய இன்னும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டோருக்கு வந்த புசல்லாவைக் கோப்பியில், ஒரு பழத்துக்குள் ஒற்றையாய் உருண்டு விளைந்த முத்துக் கொட்டைகளை மட்டும், அனுமதி கேட்டு, கொட்டை கொட்டையாகப் பொறுக்கி ஒரு டின்னில் சேர்த்தேன். மருந்து முடிந்த மறுநாள் சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்தேன். வாசம் வாவி வரைக்கும் போயிருக்கும். நல்ல கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மகளின் முன்னால் போய் நின்றேன். அவள் கதிரையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்; கன்னத்தில் நிறம் இருந்தது.

"அம்மாடி," என்றேன், "அப்பா புத்தியில்லாம செஞ்சதுக்கு ஒன் உசுரே போகப் பாத்துச்சு. நாலு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தியே, இனிமே வேணாம். இந்தா, ஒனக்குன்னே பொறுக்கினது. ஆச தீரக் குடி."

அவள் கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மனைவி சட்டென்று கூரையில் எதையோ தேடத் தொடங்கினாள். மகள் பின்னலை முடித்து, நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எனக்குக் கோப்பியே புடிக்காதுப்பா."